‘காரணமாக இருந்திருக்கலாம்’: ஆங்கிலக் கடிதத்தை நார்வேஜிய மொழிக்கு மாற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

நார்வேயில் வேலையிடத்தில் வழுக்கி விழுந்தேன். தோள்வலி மாதக்கணக்கில் போகவில்லை. விடுமுறைக்குச் சென்னை போனபோது எம்ஆர்ஐ எடுத்து ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டினேன். தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமும் கொடுத்தார். அதில் எனக்கு முக்கியமான வரி ஒன்றுதான்: விழுந்ததே கிழிசலுக்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் அதை ‘குட் ஹேவ் காஸ்ட்’ என்று எழுதியிருந்தார்.

நார்வே திரும்பியதும் அதை நானே மொழிபெயர்த்து, வேலையிடக் காயத்துக்கான இழப்பீடு கேட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஆங்கில ‘குட் ஹேவ்’ இருந்த இடத்தில் ‘குன்னெ ஹா’ என்று போட்டேன். ஒலியும் ஒத்துப்போகிறது, அகராதியும் அப்படித்தான் சொல்கிறது, சரி என்று நினைத்தேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘விழுந்ததால் கிழிசல் ஏற்பட்டிருக்கக்கூடும், ஆனால் ஏற்படவில்லை என்று உங்கள் மருத்துவர் சொல்வதாகப் புரிந்துகொள்கிறோம், வேறு ஆவணம் இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். அதை நேராக்கி முடிக்க மேலும் ஆறு வாரம் ஆனது. ஒரு சின்னச் சொல்லுக்குப் பதினொரு வாரம்.

உங்களிடமும் ஆங்கிலத்தில் மருத்துவக் கடிதமோ விபத்து அறிக்கையோ இருந்து, அதை நார்வேஜிய மொழியில் கொடுக்க வேண்டியிருந்தால், நான் கற்றுக்கொண்டதை இந்த வரிசையில் செய்து பாருங்கள். நார்வேஜியச் சொற்களை இங்கே ஒலிக்கு ஏற்பத் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. மொழிபெயர்ப்பு தேவையா என்று முதலில் கேளுங்கள்

பலர் நேராகக் காசு செலவழித்துவிடுகிறார்கள். நார்வேயில் பல அலுவலகங்கள் ஆங்கில ஆவணத்தை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. அதனால் உங்கள் வழக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் இரண்டு கேள்வி அனுப்புங்கள். ஆங்கில மூலம் போதுமா? போதாது என்றால், நானே செய்த மொழிபெயர்ப்பு போதுமா, அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டுமா? பதிலை எடுத்து வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பிப் பின்னால் நிரூபிக்க முடியாது.

மூலம் போதும் என்றாலும், நீங்கள் தனியாக எழுதும் விளக்கக் கடிதத்தில் அந்த முக்கிய வரியை நார்வேஜிய மொழியில் மேற்கோள் காட்டத்தான் வேண்டியிருக்கும். ஆகவே கீழே சொல்வது எப்படியும் பயன்படும்.

மொழிபெயர்ப்பை அனுப்பும்போது ஆங்கில மூலத்தின் நகலையும் எப்போதும் சேர்த்தே அனுப்புங்கள். நான் முதல் முறை அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் அந்த அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டிருப்பார்.

2. ஆங்கில வரியின் பொருளைத் தமிழில் சோதித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் ‘மே ஹேவ்’, ‘மைட் ஹேவ்’, ‘குட் ஹேவ்’ என்று மூன்று உண்டு. முதலாவது பெரும்பாலும் ‘நடந்திருக்கலாம், தெரியவில்லை’ என்ற பொருள்தான். மற்ற இரண்டும் இரட்டை முகம் கொண்டவை. ‘நடந்திருக்கலாம், தெரியவில்லை’ என்றும் வரும், ‘நடந்திருக்கக்கூடும், நல்லவேளை நடக்கவில்லை’ என்றும் வரும்.

நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று உறைக்காததற்குக் காரணம் தமிழிலும் அதே இரட்டை முகம் இருப்பதுதான். ‘அவன் நேற்றே வந்திருக்கலாம்’ என்றால் ஊகம். ‘நீ நேற்றே வந்திருக்கலாமே’ என்றால் வரவில்லை என்ற குறை. வடிவம் ஒன்று, தொனிதான் வேறு. அதனால் நாம் ஆங்கிலத்தைப் படிக்கும்போதும் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம். நார்வேஜிய மொழியோ இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறது.

சோதனை எளிது. ஆங்கில வரியின் கடைசியில் மனதுக்குள் இரண்டு வால் ஒட்டிப் பாருங்கள்.

‘...ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.’
‘...ஆனால் நல்லவேளை, அப்படி ஆகவில்லை.’

எந்த வால் பொருந்துகிறதோ அதை மூலத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கடிதத்தில் கிட்டத்தட்ட எப்போதும் முதல் வால்தான். வேலையிடத்து ‘நூலிழையில் தப்பிய’ சம்பவ அறிக்கைகளில் இரண்டாவது அதிகம் வரும்: ‘அந்தக் கம்பி விழுந்து ஒருவர் இறந்திருக்கலாம்’ என்பது போல. இரண்டும் பொருந்துகிறதா? அப்படியானால் ஊகிக்காதீர்கள். எழுதியவரிடமே கேளுங்கள்.

3. கன் ஹா, குன்னெ ஹா: இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள்

‘கன்’ என்பது கே-ஏ-என் என்று எழுதும் நிகழ்கால வடிவம். ‘குன்னெ’ அதன் இறந்தகாலம், கே-யூ-என்-என்-ஈ. நடந்து முடிந்த காரணத்தைப் பற்றிய ஊகத்துக்கு நிகழ்கால வடிவமே வரும். ‘கன் ஹா’ போட்டு, அதன் பின் செயல் முடிந்ததைக் காட்டும் வினை வடிவம் (கீழே ‘ஃபோரோர்சாகெத்’ போல). இன்று, இப்போது, நான் ஊகிக்கிறேன். ஊகிக்கப்படும் செயல்தான் பழையது. அதனால் ‘கன்’ நிகழ்காலத்தில் நிற்கிறது. இதை இப்படி ஒரு முறை புரிந்துகொண்டால் பிறகு குழப்பம் வராது.

விழுந்ததால் காயம் ஏற்பட்டிருக்கலாம், தெரியவில்லை: ‘ஃபல்லெ கன் ஹா ஃபோரோர்சாகெத் ஸ்காடென்.’
விழுந்ததால் காயம் ஏற்பட்டிருக்கக்கூடும், ஏற்படவில்லை: ‘ஃபல்லெ குன்னெ ஹா ஃபோரோர்சாகெத் ஸ்காடென்.’

ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. ஆங்கில ‘குட்’ ஒலியில் ‘குன்னெ’வுக்கு நெருக்கமாக இருப்பதால் கை தானாக அங்கே போகும். என் கடிதத்தின் வரியைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தபோதும் ‘குன்னெ ஹா’ என்றே வந்தது. எனவே கணினி தந்ததை அப்படியே ஒட்டாதீர்கள். குறைந்தது இந்த ஒரு சொல்லையாவது கண்ணால் பாருங்கள்.

இதே இடத்தில் இன்னும் இரண்டு பள்ளங்கள் உண்டு.

நார்வேஜியர்கள் ‘குன்னெ’வுக்குப் பின் ‘ஹா’வை விட்டுவிட்டு எழுதுவார்கள். அது சரியான வழக்கு. அதைப் பார்த்துவிட்டு ‘கன்’னுக்குப் பின்னும் ‘ஹா’வை விடாதீர்கள். ‘கன் ஃபோரோர்சாகெத்’ என்பது பிழை. ‘கன் ஃபோரோர்சாகெ’ என்று எழுதிவிட்டாலோ, ‘பொதுவாகக் காரணமாகக்கூடியது’ என்ற பொருள் வந்துவிடும். ‘விழுந்தால் இப்படிக் காயம் வரலாம்’ என்று மருத்துவப் புத்தகம் சொல்வது போல ஆகிவிடும். உங்கள் தோளைப் பற்றி ஒன்றும் சொல்லாத வாக்கியம் அது.

இன்னொன்று, ‘மருத்துவர் சொன்னார்’ என்று தொடங்கும் வரி. சொன்னார் என்பது இறந்தகாலம் என்பதால், நார்வேஜிய இலக்கணப்படி உள்ளே இருக்கும் ‘கன்’ பலசமயம் ‘குன்னெ’வாக மாறும். அது தவறில்லை. ஆனால் படிப்பவருக்கு மறுபடி இரண்டு பொருளும் கிடைக்கும். அதைத் தவிர்க்க, ‘மருத்துவர் கருதுகிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதிவிடுங்கள். கடிதம் இன்னும் கையில் இருப்பதால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

4. வினைச்சொல்லை லேசாக வையுங்கள்

அகராதி முதலில் தருவது ‘ஃபோரோர்சாகெ’. பொருள் சரி, ஆனால் கனமான அலுவலகச் சொல். ‘ஃபோரெ தில்’, அதாவது ‘இட்டுச் சென்றது’, எங்கும் இயல்பாகப் பொருந்தும்: ‘ஃபல்லெ கன் ஹா ஃபொர்த் தில் ஸ்காடென்.’ ‘காரணம்’ என்ற பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘ஓர்சாக்’ உண்டு. ‘கன் ஹா வார்த் ஓர்சாகென் தில்’ என்றால் ‘காரணமாக இருந்திருக்கலாம்’ என்று நம் தமிழ் வாக்கியம் போலவே உட்காரும்.

செயப்பாட்டு வாக்கியத்துக்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. ‘காயம் விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம்’ என்ற ஆங்கில வரியைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் நீளமாக, இடறலாக வரும். நார்வேஜியர்கள் ‘ஷுல்டெஸ்’ என்ற வினையைப் போட்டு முடித்துவிடுவார்கள்: ‘ஸ்காடென் கன் ஷுல்டெஸ் எத் ஃபல்.’ இங்கே ‘ஹா’ இல்லை என்று பதறாதீர்கள். தீவிபத்துக்கு மறுநாள் பத்திரிகையில் ‘தீ இதனால் ஏற்பட்டிருக்கலாம்’ என்று எழுதுவதும் இப்படித்தான். காயம் ஏற்கெனவே ஏற்பட்டது என்பது சூழலிலேயே தெரிவதால் அது போதும். மருத்துவ ஆவணங்களில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான். சுருக்கம், பிழைக்கு இடம் குறைவு.

நார்வேஜிய மொழிக்குப் பூக்மோல், நீநொர்ஸ்க் என்று இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. நீங்கள் இருக்கும் நகராட்சி நீநொர்ஸ்க் வடிவத்தில் எழுதுகிறதா? அங்கே ‘ஃபோரோர்சாகெ’ அந்நியமாகத் தெரியும். ‘ஃபோரெ தில்’ இரண்டு வடிவத்திலும் செல்லும். நீங்கள் பூக்மோலில் எழுதினாலும் குற்றமில்லை. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

‘காரணங்களில் ஒன்றாக இருந்திருக்கலாம்’ என்று மூலத்தில் இருந்தால், ‘பீட்ரா தில்’ என்ற வினையைப் பயன்படுத்துங்கள். ‘மெட்விர்கெ’ என்றும் ஒரு சொல் கிடைக்கும். இழப்பீட்டுச் சட்டத்தில் ‘மெட்விர்க்னிங்’ என்றால் காயம்பட்டவர் தானே செய்த பங்கு, அதாவது அவர் பக்கத் தவறு. அதன் பேரில் தொகையைக் குறைக்க முடியும். உங்களையே எழுவாயாக வைத்து அந்தச் சொல்லைத் தெரியாமல் போட்டுவிடாதீர்கள்.

5. ‘இல்லை’ வரும் வாக்கியத்தில் இரட்டைக் கவனம்

‘விழுந்தது காரணமாக இல்லாமலும் இருந்திருக்கலாம்’ வேறு. ‘விழுந்தது காரணமாக இருந்திருக்கவே முடியாது’ வேறு. தமிழில் இந்த இரண்டும் ஒருபோதும் குழம்பாது. ஆங்கிலத்தில் முதலாவது ‘மே நாட் ஹேவ்’, இரண்டாவது ‘கேனாட் ஹேவ்’. இரண்டையும் நார்வேஜிய மொழியில் ‘கன் இக்கெ ஹா’ என்று எழுதத் தோன்றும். ஆனால் ‘கன் இக்கெ ஹா’ என்றால் ‘முடியவே முடியாது’ என்றுதான் படிப்பார்கள். மருத்துவர் விட்டுவைத்த கதவை நீங்களே சாத்திவிடுவீர்கள்.

முதலாவதற்கு ‘ஹார் கன்ஷெ இக்கெ’ என்று எழுதுங்கள்: ‘ஃபல்லெ ஹார் கன்ஷெ இக்கெ ஃபொர்த் தில் ஸ்காடென்.’ இன்னும் தெளிவு வேண்டுமென்றால் ‘டெ ஆர் இக்கெ சிக்கெர்த் அத்’ என்று தொடங்குங்கள், ‘...என்பது உறுதியில்லை’ என்று பொருள். இது சற்று நீளம், ஆனால் யாரும் தவறாகப் படிக்க வழியில்லை.

6. உறுதியின் அளவை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்

இதுதான் பணத்தைத் தொடும் இடம். நார்வே இழப்பீட்டு வழக்கில் பொதுவான அளவுகோல், எது அதிகச் சாத்தியமோ அதுவே உண்மையாகக் கொள்ளப்படும் என்பது. அதாவது 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். ‘இருந்திருக்கலாம்’ என்பது மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டாது. ‘பெரும்பாலும் இதுதான் காரணம்’ என்பது தாண்டும். அதனால் ‘கன் ஹா’வுக்கும், ‘பெரும்பாலும்’ என்று பொருள்படும் ‘ஹார் த்ரூலி’க்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

‘கன்ஷெ’, ‘மூலியென்ஸ்’ இரண்டும் ‘ஒருவேளை’. ‘த்ரூலி’, ‘சன்சூன்லிவிஸ்’ இரண்டும் ‘பெரும்பாலும்’. ‘மோ ஹா’ என்றால் ‘இருந்திருக்கத்தான் வேண்டும்’, வேறு விளக்கம் தெரியவில்லை என்ற அளவுக்கு உறுதி. இதை ‘மொத்தெ ஹா’ ஆக்கிவிடாதீர்கள், பொருள் மாறிவிடும்.

இரண்டு பொய் நண்பர்கள், அதாவது பார்க்க ஒரு பொருளும் உண்மையில் வேறு பொருளும் தரும் சொற்கள். ‘சிக்கெர்த்’ என்பது பார்க்க ‘நிச்சயமாக’ போல இருக்கும். வாக்கியத்தின் நடுவில் தனியாக வந்தால் அது ‘அநேகமாக’ என்றுதான் கேட்கும். நிச்சயம் என்று சொல்ல ‘ஹெல்த் சிக்கெர்த்’ வேண்டும். அடுத்தது ‘எவெந்துவெல்த்’. ஆங்கிலத்தில் ‘இவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில்’. நார்வேஜிய மொழியில் இதற்கு ‘அப்படி ஏதும் இருந்தால்’ என்று பொருள். ‘கடைசியில் கிழிசலுக்குக் காரணமானது’ என்ற ஆங்கில வரியில் இதைப் போட்டால் நடந்ததே நடக்காதது போல ஆகிவிடும். ‘தில் ஸ்லுத்’ என்று எழுதுங்கள்.

உங்கள் மருத்துவர் ‘இருந்திருக்கலாம்’ என்று எழுதியதை நீங்கள் ‘பெரும்பாலும்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கூடாது. மூலத்தோடு ஒப்பிட்டதும் உங்கள் மற்ற ஆவணங்களின் மீதும் சந்தேகம் விழும். நான் செய்தது இதுதான்: மருத்துவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘சாத்தியம் மட்டுமா, அதிகச் சாத்தியமா? எதனால் அப்படிக் கருதுகிறீர்கள்?’ என்று கேட்டேன். விழுவதற்கு முன் வலி இல்லாதது, ஸ்கேனில் தெரிந்தது, இரண்டையும் காரணம் காட்டிப் புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தப் புதுக் கடிதத்தில்தான் ‘சன்சூன்லிவிஸ்’ போட எனக்கு உரிமை வந்தது.

7. ‘ஸ்கல் ஹா’ என்றால் ‘சொல்லப்படுகிறது’

ஆங்கிலத்தில் ‘ஷுட் ஹேவ்’ என்று கண்டதும் ‘ஸ்கல் ஹா’ எழுதாதீர்கள். ‘செய்திருக்க வேண்டும்’ என்பதற்கு ‘பூர்டெ ஹா’ அல்லது ‘ஸ்குல்லெ ஹா’. ‘ஸ்கல் ஹா’ என்பது பத்திரிகையும் காவல்துறையும் ‘என்று கூறப்படுகிறது’ என்ற பொருளில் எழுதுவது. ‘விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்று உங்கள் சொந்த விபத்தைப் பற்றி நீங்களே எழுதினால் நன்றாக இருக்காது. மறுபக்கம், உங்களுக்கு வரும் கடிதத்தில் ‘ஸ்கல் ஹா’ இருந்தால், அவர்கள் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, கேட்டதைப் பதிவு மட்டும் செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

8. யாரிடம் சரிபார்ப்பது, என்ன செலவு

காசில்லாத வழிகள் முதலில். பூக்மோல், நீநொர்ஸ்க் இரண்டுக்கும் பெர்கன் பல்கலைக்கழகமும் மொழி மன்றமான ஸ்ப்ரோக்ரோடெயும் சேர்ந்து நடத்தும் அகராதிகள் இணையத்தில் இலவசம். நார்வேஜிய அகாதமியின் பேரகராதியும் இலவசம், அதில் எடுத்துக்காட்டு வரிகள் நிறைய. மொழிக் கேள்விகளை ஸ்ப்ரோக்ரோடெக்கு எழுதிக் கேட்கலாம். முழுக் கடிதத்தையும் அவர்கள் திருத்தித் தர மாட்டார்கள், ஒரு வரியைக் கேட்கலாம்.

நார்வேஜியர் ஒருவரிடம் காட்டும்போது ‘இது சரியா?’ என்று கேட்காதீர்கள். ‘குன்னெ ஹா’வும் சரியான வாக்கியம்தானே, ‘சரி’ என்றே சொல்வார். ‘இதைப் படித்தால் காயம் விழுந்ததால் ஏற்பட்டதா, இல்லையா, தெரியவில்லையா?’ என்று கேளுங்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவிடம் முதலில் இலக்கணம் கேட்டேன், பயனில்லை. இப்படிக் கேட்டபோதுதான் ‘இல்லை என்றல்லவா எழுதியிருக்கிறாய்’ என்றார்.

முத்திரை வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் மட்டும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள். குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். சொல் கணக்கா, மணிக் கணக்கா, ஒரு பக்கக் கடிதத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, 25 விழுக்காடு மொம்ஸ் (மதிப்புக்கூட்டு வரி) உள்ளடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். வரி இல்லாமல் சொன்ன விலையை நம்பி வந்தால் பில் வரும்போது அதிர்ச்சிதான். மருத்துவரின் கடிதம் கையெழுத்தில் இருந்தால் தட்டச்சு செய்த பிரதியை அவரிடம் கேட்டு வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், இழப்பீட்டில் செலவாகக் காட்டக் கேட்டுப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கும் நீங்கள் பென்சிலால் குறித்த அந்த வாலைச் சொல்லிவிடுங்கள்.

வாய்மொழிபெயர்ப்பாளரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2022 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, பொது அலுவலகங்கள் தேவைப்படும்போது தகுதி பெற்ற வாய்மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்கள் கொண்டுவரும் கடிதத்தை மொழிபெயர்க்க அவர் வருவதில்லை.

9. காலக்கெடு

மொழிபெயர்ப்பு முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். வேலையிட விபத்தை, நார்வே அரசின் வேலை, நலத்திட்ட அமைப்பான நாவ் அலுவலகத்துக்கு 1 ஆண்டுக்குள் தெரிவிக்க வேண்டும். அனுப்ப வேண்டியவர் முதலாளி. அவர் அனுப்பவில்லை என்றால் நீங்களே அனுப்பலாம். முதலாளி எடுத்துவைத்திருக்கும் வேலையிடக் காயக் காப்பீட்டில் கேட்பது தனி, அதற்கு வேறு கெடு: விவரம் தெரியவந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 3 ஆண்டு. நார்வேயில் சிகிச்சையால் ஏற்பட்ட பாதிப்பு என்றால் நோயாளி இழப்பீட்டு அமைப்பான என்பிஇ-க்குப் போக வேண்டும். அங்கே விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பாதிப்புக்குச் சிகிச்சைதான் காரணம் என்று புரிந்ததிலிருந்து, அல்லது புரிந்திருக்க வேண்டியதிலிருந்து, 3 ஆண்டு. நாவ் எடுத்த முடிவை எதிர்த்து எழுத 6 வாரம்.

முதலில் படிவத்தை அனுப்புங்கள். அதில் ‘மருத்துவக் கடிதத்தின் மொழிபெயர்ப்பு பின்னால் வரும்’ என்று ஒரு வரி போதும். ஒரு பக்கக் கடிதத்துக்கு நான் இப்போது ஒதுக்குவது மூன்று மாலை. முதல் மாலை மூலத்தில் வால் ஒட்டிக் குறிக்க. இரண்டாவது எழுத. மூன்றாவது மாலை மூலத்தை மூடி வைத்துவிட்டு, என் நார்வேஜிய வரிகளைத் திரும்பத் தமிழில் சொல்லிப் பார்க்க. மருத்துவர் வெளிநாட்டில் இருந்தால், தெளிவு கேட்டு எழுதும் கடிதத்துக்கு இன்னும் சில வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தவறாக அனுப்பியிருந்தால், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கு எண், தேதி, பிழையான வரி, சரியான வரி, ஆங்கில மூலத்தின் நகல், இந்த ஐந்தோடு அரைப் பக்கத் திருத்தக் கடிதம் அன்றே அனுப்புங்கள். ‘பக்கம் 1, மூன்றாம் பத்தியில் குன்னெ ஹா என்றிருப்பதைக் கன் ஹா என்று படிக்கவும்’ என்று எழுதினால் போதும். எனக்கு அந்த அரைப் பக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.